யார் கையிலிருந்து

மான்செஸ்டர்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள மைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தாளில் கடிதம் வந்திருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் அண்ணன் உங்கள் தோளுக்கு மேலிருந்து படிப்பார். இதை அவர் படிக்க வேண்டாம். மாசாயில் தபால்காரர் நண்பகலில் வருவார், அந்நேரம் அண்ணன் தன் உணவகத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

அத்தா மவுத்தாகி ஒரு மாதம் ஆகிறது. அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே இருந்த பத்து நாளும் ஆள்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எதையும் கேட்க முடியவில்லை. இங்கே வந்த பிறகுதான் அண்ணனிடம் ஆஸ்பத்திரி அறிக்கையை அனுப்பச் சொல்லிப் படித்தேன். இரத்தத்தில் ‘கேண்டிடா ஆரிஸ்’ என்று போட்டிருக்கிறது. நான்கு வருடமாக ஆய்வுக்கூடத்தில் நான் வளர்த்துக்கொண்டிருப்பது அந்தப் பூஞ்சையைத்தான். டாக்டர்கள் உங்களிடம் ‘கிருமி’ என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

பூஞ்சை என்றதும் குளியலறைச் சுவரில் படரும் கறுப்பையோ பழைய ரொட்டியில் பூக்கும் பச்சையையோ நினைக்காதீர்கள். எந்த நோய்ப்பூஞ்சைக்கும் முதல் வேலை நம் உடம்பில் ஒட்டிக்கொள்வது. ஒட்ட முடியாவிட்டால் வியர்வையும் தண்ணீரும் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்காக அதன் மேற்பரப்பில் புரதங்கள் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். நம் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கும் ஒரு வகை உண்டு. நம் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வைத்திருக்கின்றன அல்லவா, அந்தப் பூஞ்சையின் புரதம் அதைப் போலவே நடிக்கும். செல் ஏமாந்து, நம்மாள்தான் என்று அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அத்தாவுக்கு வந்தது அதற்குத் தூரத்து உறவு. இதற்கு ஒரு தனிப் புரதம் இருப்பது இரண்டு வருடத்துக்கு முன்புதான் தெரியவந்தது. அதில் நேர்மின்னேற்றம் உள்ள பகுதிகள் உண்டு. தோல், பிளாஸ்டிக் குழாய், கட்டில் கம்பி எதுவானாலும் அவற்றைக் கொண்டு பிடித்துக்கொள்ளும். காய்ந்த மேசையில்கூட வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். டயாலிசிஸுக்காக அத்தாவின் கழுத்தில் போட்டிருந்த குழாய் அதற்கு ஏணி மாதிரி.

அப்படியென்றால் அது காற்றில் வரவில்லை, மைனி. யாரோ, அல்லது ஏதோ, அத்தாவைத் தொட்டிருக்க வேண்டும்.

குழாய்க்குப் போட்ட மருந்துக் கட்டை வீட்டில் யார் தொடுவார்கள்? குளிப்பாட்டும்போது அது நனைந்ததா? கையுறை ஒவ்வொரு முறையும் புதிதா? வெளியாள் யாராவது பணிவிடைக்கு வந்தார்களா? அத்தா வீட்டையும் டயாலிசிஸ் சென்டரையும் தவிர வேறெங்காவது தங்கினாரா? நினைவிலிருப்பதை எல்லாம் எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஃபரீஹா


மாசாய்
25 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஃபரீஹாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. துணி துவைக்கும் எந்திரத்தின் மேல் வைத்து, அது ஓடி நிற்பதற்குள் இரண்டு முறை படித்தேன். அங்கே குளிர் குறைந்ததா? விமான நிலையத்தில் இருமிக்கொண்டே போனாய். நான் கட்டிக்கொடுத்த இஞ்சிப் பொடியைத் தொட்டிருக்கவே மாட்டாய் என்று தெரியும்.

மாமாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா நல்லபடியாக முடிந்தது. பள்ளிவாசலிலிருந்து இருபது பேர் வந்தார்கள். உன் அண்ணன் தானே நின்று பிரியாணி ஆக்கினார். ஓதி முடித்து எல்லோரும் எழுந்த பிறகு, மாமா உட்காரும் நாற்காலியை யாரோ சுவரோரம் தள்ளிவைத்துவிட்டார்கள். உன் அண்ணன் அதைப் பழைய இடத்துக்கு இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை நோன்பு தொடங்குகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். குழாய்க் கட்டை நான் தொட்டதில்லை. சென்டரில் நர்ஸ்தான் மாற்றுவார். கழுத்துக்குக் கீழே ஈரத்துணியால் துடைப்பது மட்டும் நான். கையுறை ஒவ்வொரு முறையும் புதிது. ஃபரீஹா, கல்யாணத்துக்குப் பிறகும் ஆறு வருடம் சிப் ஃபேக்டரியில் க்ளீன் ரூமில் நின்றவள் நான். ஒரு தலைமயிர் விழுந்தால் ஒரு லாட் சிப் முழுக்கப் போய்விடும் என்று திட்டு வாங்கி வேலை கற்றவள். கையை எப்படிக் கழுவுவது என்று எனக்குத் தெரியும்.

சென்டரில் எல்லோரையும் துடைத்துப் பார்த்துவிட்டார்களாம், யாருக்கும் இல்லை. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஷர்மினி என்ற நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். “அக்கா, பயப்படாதீங்க, கையத் தூக்குங்க, அக்குள்ல ஒரு தடவ துடைச்சிக்கிறேன்” என்று பஞ்சுக் குச்சியால் எடுத்தாள். உன் அண்ணனுக்கும் எடுத்தாள். பதில் இன்னும் வரவில்லை.

மாமா வேறெங்கும் தங்கவில்லை. வீட்டில்தான் இருந்தார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. சஹருக்குத் தனியாக எழுந்து வெறும் பிஸ்கட் தின்றுவிட்டு நோன்பு பிடிக்காதே.

உன் மைனி,
மஹ்மூதா


மான்செஸ்டர்
8 மார்ச் 2025

மைனி,

நீங்கள் பொய் எழுதுவீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

நவம்பர் 17 அன்று அண்ணன் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அத்தா சாய்ந்து உட்கார்ந்து கையசைக்கிறார். அன்று அவர் முகத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டிலுக்கு இரும்புக் கம்பி, பின்னால் நீலத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய கால். நம் வீட்டில் நீலத் திரை எங்கே இருக்கிறது?

அதே வாரம் அத்தா அனுப்பிய குரல் செய்தியையும் மறுபடி கேட்டேன். பின்னால் ஒரு பெண் “பாக்சிக், மாக்கான் டுலு” என்று சாப்பிடக் கூப்பிடுகிறாள். நம் வீட்டில் அத்தாவை மலாயில் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்காவைப் போனில் கூப்பிட்டேன். நோன்புக்கு விசாரிப்பதுபோலத்தான் பேச்சைத் தொடங்கினேன். அவராகவே சொன்னார்: “நவம்பர்ல உங்க மைனி பத்துப் பன்னெண்டு நாள் வீட்ல இல்லம்மா. தாத்தாவையும் காணோம். கேட்டா உங்கண்ணன் மழுப்பிட்டாரு லா.”

அப்படியானால் அத்தாவை எங்கேயோ விட்டுவிட்டு நீங்கள் ரெங்கத்தில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒருவரைத் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொள்வது கஷ்டம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிக்கெட் போட்டு வந்திருப்பேன்.

இன்னொன்று. அண்ணன் நேற்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்: அவருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. உங்கள் அக்குளிலிருந்து எடுத்ததில் கேண்டிடா ஆரிஸ் வளர்ந்திருக்கிறது. நீங்கள் அதை என்னிடம் சொல்லவில்லை.

நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் தோலில் இது லேசில் தங்காது. ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், புண் உள்ளவர்கள், நிறைய ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் என்றால்தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் தோலில் அது ஏன் இருக்கிறது? எப்போதிலிருந்து இருக்கிறது? அத்தாவைத் துடைத்த அந்தக் கைகளில் அது முன்பே இருந்ததா?

கேட்காமல் இருக்க முடியவில்லை. நோன்பு திறக்க உட்கார்ந்தால் பேரீச்சம்பழத்துக்கு மேல் எதுவும் இறங்கவில்லை.

ஃபரீஹா


மாசாய்
26 மார்ச் 2025

அன்பு ஃபரீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான். உனக்கு முறுக்கு சுட்டு அனுப்பலாம் என்று மாவு வாங்கிவைத்திருந்தேன். இனி என் கையால் சுட்டு அனுப்பினால் நீ தின்பாயா என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

நான் பொய்தான் எழுதினேன். மாமா உலு திராமில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். நவம்பர் பன்னிரண்டாம் தேதியிலிருந்து இருபத்துமூன்று வரை, பன்னிரண்டு நாள்.

நான் ரெங்கத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கர்ப்பப்பையில் கட்டி. ஒரு வருடமாக இரத்தப்போக்கு. மாமாவைத் தூக்கி உட்காரவைத்த ஒரு நாள் அப்படியே மயங்கி விழுந்தேன். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, இனியும் தள்ளிப்போட முடியாது, கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், ஃபரீஹா. ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அந்தக் கணக்கு இல்லை.

உன் அண்ணனால் மாமாவைக் குளிப்பாட்ட முடியவில்லை. இரண்டு பேருக்கும் கூச்சம். மாமாதான் இல்லத்துக்குப் போகிறேன் என்றார். “பன்னெண்டு நாள்தானே, நான் என்ன பச்சப்புள்ளையா? மஹ்மூதா நல்லாகி வரட்டும்” என்று அவரே சட்டையை மடித்துப் பையில் வைத்தார். வண்டியில் ஏறும்போது எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். “ஃபரீஹாகிட்ட மூச்சு விடக் கூடாது. அது படிப்ப பாதில போட்டுட்டு ஓடி வந்துரும்.” செத்தவருக்குக் கொடுத்த வாக்கு என்று உன் அண்ணன் என் வாயையும் அடைத்தார். அதனால்தான் அப்படி எழுதினேன்.

என் பரிசோதனைக்குப் பதில் வந்த நாளைச் சொல்கிறேன். ஷர்மினி உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். “அக்கா, இது உங்களுக்கு நோய் இல்ல. தோல்ல சும்மா இருக்கு. சாதாரண ஆளுக்கு ஒன்னும் செய்யாது. கைய கழுவுங்க, துண்ட தனியா வைங்க, ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்லயே சொல்லிருங்க, அவ்வளவுதான்.” அவள் போனதும் உன் அண்ணன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கடைச் சமையலறைக்குக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். யாருக்காவது தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதானாம்.

தெரியாமலா இருக்கும்? நோன்புக் கஞ்சி காய்ச்சி வருடா வருடம் தனலெட்சுமி அக்காவுக்கு ஒரு தூக்கு கொடுப்பேன். இந்த வருடமும் கொடுத்தேன். மறுநாள் காலை குப்பைத்தொட்டியில் தூக்கோடு கிடந்தது. எவர்சில்வர் தூக்கு, அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. எடுத்துக் கழுவி வைத்தேன்.

இதெல்லாம் போகட்டும். நீ கேட்டதை நீ கேட்பதற்கு முன்பே நான் என்னைக் கேட்டுவிட்டேன். ஆபரேஷன், புண், ஆன்டிபயாடிக், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று நீ எழுதியவை எல்லாம் எனக்கு நடந்தவைதான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாமாவை அழைத்து வந்தோம். வந்ததும் வாயைத் துடைத்துவிட்டேன், சட்டை மாற்றினேன், குழாய்க் கட்டுக்குப் பக்கத்தில் அரிக்கிறது என்றார், துணியால் ஒற்றினேன். ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது.

நீ இதையே படிக்கிறவள். சொல். நான் ஆஸ்பத்திரியிலிருந்து என் உடம்பில் கொண்டுவந்து இந்தக் கையால்தான் மாமாவுக்குக் கொடுத்தேனா? எதுவாக இருந்தாலும் சொல். மறைக்காதே.

உன் மைனி,
மஹ்மூதா


மான்செஸ்டர்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு நாள்! எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் அவருடைய மகள். அண்ணனிடம் இன்னும் நான் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வேனோ தெரியாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. இரண்டு வழியிலும் நடந்திருக்கலாம். இல்லத்தில் அத்தாவுக்கு ஒட்டி, அவரைத் துடைத்த உங்களுக்கு வந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஒட்டி, உங்களிடமிருந்து அவருக்குப் போயிருக்கலாம். அதன் ஒட்டுப் புரதத்துக்கு யார் தோல் என்ற கவலை இல்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இந்தப் பூஞ்சையின் மரபணு ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் எழுத்து உள்ள ஒரு புத்தகம். ஒரு தோலிலிருந்து இன்னொரு தோலுக்குப் பரவிப் பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிரதியெடுத்தவன் செய்த பிழையை அடுத்தவனும் அப்படியே எழுதுவான் அல்லவா? பிழைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எது முந்திய பிரதி, எது பிந்தியது என்று ஓரளவு சொல்லலாம்.

அத்தாவின் இரத்தத்தில் வளர்ந்ததையும் உங்கள் தோலில் வளர்ந்ததையும் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கேட்டு எழுதினேன். இரண்டையும் கோலாலம்பூருக்கு அனுப்பிப் படிக்க அவர்களுக்குச் சம்மதம். நானும் முடிவைப் பார்க்கலாம். உங்கள் கையெழுத்து வேண்டும். ஷர்மினி படிவம் கொண்டுவருவார். அந்த இல்லத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதும் தெரிய வேண்டும். அண்ணனை விட்டால் மழுப்புவார். நீங்களே போய்க் கேளுங்கள்.

ஆபரேஷன் சரியாக எந்தத் தேதி? எந்த வார்டு? பக்கத்துக் கட்டிலில் யாராவது தனிமைப்படுத்தப்பட்டிருந்தார்களா? எத்தனை நாள் ஆன்டிபயாடிக், அதன் பெயர் என்ன? சிறுநீர்க் குழாய் போட்டார்களா? அத்தாவைத் திரும்ப அழைத்துவந்தது இருபத்துமூன்று காலையா, மாலையா? எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள்.

என்னை இன்னும் சந்தேகப்படுகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், மைனி. பதில் வரும்வரை எல்லோரையும்தான். பதில் நீங்கள் விரும்பாததாகவும் இருக்கலாம். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஃபரீஹா


மாசாய்
28 ஏப்ரல் 2025

ஃபரீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ கேட்ட தேதிகளைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டின் நகலும் இருக்கிறது.

போன வியாழக்கிழமை நானே கிராப் வாடகை வண்டி பிடித்து உலு திராம் போனேன். உன் அண்ணன் வரவில்லை. போனதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

இரட்டைமாடித் தொடர்வீடு ஒன்றை இல்லமாக்கியிருக்கிறார்கள். கூடத்தில் பதினோரு கட்டில். நீ சொன்ன நீலத் திரை இருந்தது. முதலாளியம்மா என்னைப் பார்த்ததும், “இங்க எல்லாம் கிளீன். ஆஸ்பத்திரியில வந்ததுக்கு எங்கள சொல்லாதீங்க” என்றார். நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை.

வெளியே வந்து வண்டிக்கு நின்றேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்தார். காளியம்மா என்று பெயர். அங்கே மூன்று வருடமாக வேலை. “நீங்க அய்யூப் தாத்தா மருமவதானே?” என்றார். எப்படித் தெரியும் என்றேன். “தாத்தா தெனம் காலையில கேப்பாரு, ‘என் மருமவளுக்கு ஆபரேஷன் எப்படி இருக்குன்னு யாரும் போன் பண்ணாங்களா’ன்னு. போன் வரலன்னா சாப்பிட மாட்டாரு. ஒரு நாள் நானே பொய் சொன்னேன், நல்லா இருக்காங்களாம்னு.”

 அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவரிடம் சொன்னேன், “என்னைத் தொடாதீங்க, என் தோல்ல ஒரு கிருமி இருக்கு.” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே, “போங்க, எங்க ஆளுங்க மூணு பேருக்கு அதான். அக்டோபர்ல ஒரு பாட்டி, அப்புறம் ரெண்டு பேரு. ஆஸ்பத்திரியிலேருந்து லெட்டர் வந்துச்சு, பாஸ் யாருக்கும் காட்டல” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் துணிப்பட்டை அங்கே ஒன்றுதான் இருக்கிறதாம். காலையில் முதல் கட்டிலில் தொடங்கிப் பதினோரு கட்டிலுக்கும் அதையேதான் சுற்றுவார்களாம். நடுவில் துடைக்கச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை. “நான்தான் சுத்துவேன்” என்றார். சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

அவரை என்னால் கோபிக்க முடியவில்லை. ஷர்மினியிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அந்த மூன்று பேருடையதையும் உன் பரிசோதனையோடு சேர்க்கப் போகிறார்களாம்.

இனி உன் புத்தகம் என்ன சொல்கிறதோ பார்ப்போம். அதுவரை எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நீ இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, சரியாகிவிட்டதா?

உன் மைனி,
மஹ்மூதா


மான்செஸ்டர்
19 ஜூன் 2025

அன்பு மைனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அத்தாவுக்குக் கொடுக்கவில்லை. அத்தாவிடமிருந்துதான் உங்களுக்கு வந்திருக்கிறது.

முடிவு நேற்று வந்தது. ஐந்து மாதிரிகளும் ஒரே குடும்பம். இல்லத்துப் பாட்டிக்கு அக்டோபரிலேயே இருந்திருக்கிறது; அது நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போகாத நேரம். அத்தாவுடையதில் பாட்டியுடையதைவிட இரண்டு எழுத்து மாறியிருக்கிறது. உங்களுடையதில் அந்த இரண்டு மாற்றமும் அப்படியே இருக்க, மூன்றாவதாக இன்னொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டில் அதற்கு முன்னும் பின்னுமாக ஆறு மாதத்தில் ஒருவருக்கும் இது இல்லை. நூற்றுக்கு நூறு என்று எங்கள் துறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இல்லம், அத்தா, நீங்கள் என்ற வரிசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. புண் ஆறாத உடம்போடு அவரைத் துடைத்தீர்கள். அப்போதுதான் ஒட்டியிருக்கிறது. முடிவின் நகலை அனுப்புகிறேன், அண்ணனிடம் காட்டுங்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் உங்களிடம் தேதி தேதியாகக் கேட்டவள். என்னுடைய தேதியையும் எழுதியாக வேண்டும்.

அக்டோபர் எட்டாம் தேதி டாக்டர் அத்தாவுக்குக் கையில் ஃபிஸ்டுலா அறுவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ஏதுவாக நரம்புகளை இணைக்கும் அறுவை, செய்துவிடலாம் என்றார். கை நரம்பு இரண்டு மாதத்தில் தயாராகிவிடும், கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்றார். டிசம்பர் கடைசியில் நான் வந்த பிறகு செய்யுங்கள் என்று போனில் பிடிவாதம் பிடித்தது நான்தான். அம்மா ஆபரேஷனுக்குள்ளே போனபோது நான் இங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. அத்தாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது, கூடவே நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அறுவைக்குத் தேதி குறித்தது டிசம்பர் 27. அவருக்குக் காய்ச்சல் வந்தது 22.

பிளாஸ்டிக் குழாய் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் இந்தப் பூஞ்சைக்கு ஒட்ட இடம் கொடுக்கும் நாள் என்று மாணவர்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அக்டோபரிலேயே அறுவை நடந்திருந்தால் அத்தாவின் தோலில் அது ஒட்டியிருந்தாலும் இரத்தத்துக்குள் போக வழி இருந்திருக்காதோ என்னவோ. பிப்ரவரியில் உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோதே இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையுறையைப் பற்றிக் கேட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஆகஸ்டில் இரண்டு வாரம் விடுமுறை எடுத்திருக்கிறேன். நேரே வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கையால் சாப்பிட வேண்டும்.

ஃபரீஹா


ரெங்கம்
6 ஜூலை 2025

ஃபரீஹாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மாசாய் வீட்டில் படித்தேன். பதிலை இங்கே அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

மாமாவுக்கு நான் கொடுக்கவில்லை என்ற வரியைப் படித்ததும் ஒளு செய்து இரண்டு ரக்அத் தொழுதேன். நான்கு மாதம் என் கையை நானே பார்க்காமல் இருந்திருக்கிறேன். சோறு பிசையும்போதுகூடக் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்வேன். அது போயிற்று. இதற்கு நீ பட்ட பாட்டுக்கு அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும். மனதாரச் சொல்கிறேன்.

ஃபிஸ்டுலா விஷயம் எனக்கும் தெரியும். நீ போனில் பேசியபோது பக்கத்தில் நின்றவள் நான்தானே. மார்ச்சில் உனக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன், உனக்கு வலிக்கும்படி. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்தேன். அத்தாவோடு இருக்க வேண்டும் என்று ஒரு மகள் ஆசைப்பட்டதைக் குற்றமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மன்னிப்பு வேண்டாம். மாமா இருந்தாலும் இதைத்தான் சொல்வார்.

உன் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தார். “அப்ப உன்மேல தப்பு இல்லயா?” என்றார். நான் சொன்னேன், “நவம்பர்லேருந்து இந்த வீட்லதான மச்சான் இருந்தேன். என்னப் பாத்தா தெரியலயா?”  மறுநாளே கடைச் சமையலறைக்கு வரச் சொன்னார். தலையணையும் அறைக்குத் திரும்பி வந்தது. இந்த மனிதர் கெட்டவர் இல்லை, ஃபரீஹா. பயந்தவர். ஆனால் மான்செஸ்டரிலிருந்து ஒரு தாள் வந்தால்தான் நான் அவர் பக்கத்தில் படுக்கலாம் என்றால், அடுத்த முறை தாள் வராவிட்டால் நான் எங்கே போவது?

அதனால் இங்கே வந்துவிட்டேன். எத்தனை நாளைக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குளுவாங்கில் ஒரு ஃபேக்டரியில் நேர்காணலுக்குப் போனேன். என் தோலில் இருப்பதை நானே முதலில் சொன்னேன். கம்பெனி டாக்டர் ஷர்மினியின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். வேலை செய்யத் தடையில்லை என்றார். திங்கட்கிழமை சேர்கிறேன்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, என் அம்மாவிடம்கூட நர்ஸ்தான் சொன்னாள். உனக்கு எழுதினேன். நீ சரியாக எந்தத் தேதி என்று கேட்டாய். தேதியைத் தனித் தாளில் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்திலும் அதைப் பற்றி ஆறுதலாக ஒரு சொல் இல்லை. சந்தேகப்பட்டதை என்னால் மறக்க முடிகிறது. உன் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். இதை மறக்க முடியவில்லை. முயற்சி செய்தேன்.

ஆகஸ்டில் வா. சாவி உன் அண்ணனிடம் இருக்கிறது. மாமாவின் அறையை ஷர்மினி சொன்னபடி குளோரின் தண்ணீர் போட்டு மூன்று முறை துடைத்திருக்கிறேன், மெத்தையை மாற்றியாகிவிட்டது. தயங்காமல் படுக்கலாம். அண்ணனோடு சண்டை போடாதே, அவருக்கு உன்னை விட்டால் இரத்தச் சொந்தம் யாரும் இல்லை. மாமாவை அடக்கிய கபுருஸ்தானுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

ரெங்கத்துக்கு மட்டும் வர வேண்டாம். எனக்குத் தோன்றும்போது நானே எழுதுகிறேன்.

குளிரில் போர்த்திக்கொள்.

மஹ்மூதா